சிம்லாத் தொப்பிக்கு மூணு தண்ணி

சேஷன் சார் வீட்டுத் தொப்பி சுருங்கிப்போனது ஒரு திங்கட்கிழமை. அவர் வெள்ளிக்கிழமை காலை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவதாக இருந்தது. நடுவில் இருந்த நாட்களை அருக்காணி எப்படித் தள்ளினாள் என்பதும், அதற்குப் பின் வந்த நாட்களை அதைவிட மோசமாக எப்படித் தள்ளினாள் என்பதும்தான் இந்தக் கதை. ஒரு தொப்பிக்கா இத்தனை நடுக்கம் என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுகிறவர்கள் டெல்லி ஜங்புராவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

அருக்காணிக்குச் சொந்த ஊர் சின்னசேலம் பக்கம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து ஒன்பது வருஷம். மதராசி கேம்பில், பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயின் ஓரத்தில், செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு ஜுக்கிக் குடிசை. கதவு என்று சொல்லத்தக்க பலகை ஒன்று உண்டு. அதைத் தாண்டி உள்ளே போக வேண்டுமானால் ஐந்தடிக்கு மேல் உயரமான எவரும் தலையைத் தாழ்த்தியாக வேண்டும். புருஷன் தட்சிணாமூர்த்தி காலையில் காண்டிராக்டரிடம் தெருப் பெருக்குகிறான். கல்யாண சீசனில் பேண்டு வாத்தியக்காரர்களோடு மாப்பிள்ளை ஊர்வலத்தில் தலையில் விளக்கு சுமக்கிறான். மகள் முத்துமாரிக்கு ஏழு வயது. 1998ஆம் வருஷம் பிப்ரவரி முடியப் போகிறது. குளிர் விட்டு, நாலாவின் நாற்றம் மறுபடி எழும்ப ஆரம்பித்திருந்தது.

சேஷன் சார் ரிட்டயராகிப் பதினோரு வருஷம். ஜங்புராவில் முதல் மாடியில் இரண்டு அறை வீடு. மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் வத்சலா சென்னையில் இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் குழந்தை இல்லை. அதற்காக அவர் ஏறாத கோயில் படி இல்லை என்று அருக்காணிக்குத் தெரியும். அந்தப் பேச்சை மட்டும் அவரிடம் எடுக்கமாட்டாள்.

அவர் பேசப் பிரியப்பட்டதெல்லாம் தொப்பியைப் பற்றி. நடைச் சுவரில் மூன்று ஆணிகள், மூன்று தொப்பிகள். ஒன்று நெட்டியில் செய்து மேலே காக்கித் துணி தைத்த, வெள்ளைக்காரன் காலத்து வெயில் தொப்பி. இன்னொன்று முன்பக்கம் மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கம்பளித் தொப்பி. மூன்றாவதுதான் ராஜா. சாம்பல் நிறம். உச்சியில் நெடுக ஒரே பள்ளம். சுற்றிலும் மேல்நோக்கி மடிந்த விளிம்பு, அந்த விளிம்புக்குப் பட்டு நாடாக் கரை, இடது பக்கம் ஒரு சின்ன முடிச்சு. குளிர்காலம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் லோதி கார்டனுக்கு வாக்கிங் போவார். மற்ற கிழவர்களெல்லாம் குரங்குக் குல்லாயில் போகும்போது இவர் மட்டும் தனியாகத் தெரிவார். தெரிய வேண்டும் என்றுதான் போட்டார்.

"இதுக்குப் பேர் ஹோம்பர்க். ஜெர்மனியிலே ஒரு ஊர்" என்பார், அருக்காணி தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது. "இங்கிலீஷ் ராணியோட பிள்ளை அங்கே ஊத்துத் தண்ணியிலே குளிக்கப் போனான். இதைப் பார்த்தான், பிடிச்சுப்போச்சு, ஊருக்குக் கொண்டுவந்துட்டான். அதுக்கு முன்னாடியெல்லாம் புகைபோக்கியாட்டம் உசரத் தொப்பி. அப்புறம் சட்டியைக் கவுத்தாப்பல கெட்டித் தொப்பி. அது காட்டுக் காவல்காரனுக்குன்னு பண்ணினது, மரக்கிளை இடிச்சா மண்டை உடையாம இருக்க. கடைசியிலே ஆபீசரெல்லாம் அதைப் போட்டுண்டு திரிஞ்சான். மெத்துன்னும் இருக்கணும், மரியாதையாவும் இருக்கணும்னா இதுதான்."

"குளிக்கப் போனவரு என்னாத்துக்குங்கய்யா தொப்பி வாங்குனாரு?"

"நீ துடை. எங்கப்பா இதை முப்பத்தெட்டிலே சிம்லாவிலே வாங்கினார். கோடையிலே கவர்மெண்டே மூட்டை கட்டிண்டு சிம்லா போயிடும், தெரியுமோ? அப்போ நம்மூர் குமாஸ்தான்னா தலைப்பாகைதான். எங்கப்பாவுக்கு மட்டும் தொப்பி ஆசை. ஆனா தலையிலே குடுமி. சுருட்டி உள்ளே தள்ளினாத்தான் தொப்பி உக்காரும். அதனால ரெண்டு சைஸ் பெரிசா வாங்கினார். மறு வருஷமே குடுமியை எடுத்துட்டார். தொப்பி மட்டும் பெரிசாவே நின்னுடுத்து."

அதனால் அப்பாவும் சரி, பிள்ளையும் சரி, உள்ளே சுற்றியிருக்கும் தோல் பட்டைக்குப் பின்னால் நியூஸ் பேப்பரை விரல் கனத்துக்கு மடித்துச் செருகித்தான் அதைப் போட்டுக்கொண்டார்கள். தெரிந்த பெண்பிள்ளை எதிரே வந்தால் தொப்பியைக் கழற்ற வேண்டும், இன்னொருவர் வீட்டு வாசலைத் தாண்டினால் கழற்ற வேண்டும் என்று சட்டமெல்லாம் சொல்வார். அருக்காணி பஸ் ஸ்டாப்பில் காய்கறிப் பையோடு எதிரே வந்தால் தொப்பி இருந்த இடத்தில்தான் இருக்கும். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததில்லை. சொல்ல வந்ததால் நாம் சொல்கிறோம்.

சென்னையில் ஒரு கல்யாணம், பதினைந்து நாளாகும் என்று சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். "செடிக்குத் தண்ணி விடு. கம்பளியெல்லாம் வெயில்ல போட்டு, அந்துருண்டை போட்டு எடுத்து வெச்சுடு. ஹோம்பர்க்கை மெதுவாத் தட்டி, பிரஷ் போட்டாப் போறும். தண்ணி மாத்திரம் படவே படாது. பட்டா அவ்வளவுதான்."

"சரிங்கய்யா."

சனிக்கிழமை முத்துமாரி உடம்பு வலிக்கிறது என்று சிணுங்கினாள். பள்ளிக்கூடம் வேறு இல்லை. தனியே விட மனசில்லாமல் அருக்காணி அவளையும் கூட்டிக்கொண்டு போனாள். இவள் பால்கனியில் ரஜாய்ப் போர்வையைத் தட்டிக்கொண்டிருந்த நேரம், உள்ளே அந்தப் பெண் நாற்காலி போட்டு ஏறி ஹோம்பர்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறாள். மூக்கு வரை இறங்கியிருக்கிறது. அப்படியே தரையில் படுத்துத் தூங்கியும் போய்விட்டாள். அருக்காணி பார்த்து, முதுகில் ஒன்று வைத்து, தொப்பியைத் தட்டி ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் காலை குழந்தையின் வயிற்றில் இரண்டு நீர்க்கொப்புளம். மத்தியானத்துக்குள் முகம், கழுத்து, காது மடல். சாயங்காலம் தலைமுடியை விலக்கிப் பார்த்தபோது மண்டை முழுக்க முத்து முத்தாகப் போட்டிருந்தது.

"ஆத்தா வந்துட்டாடி" என்றாள் பக்கத்து ஜுக்கி குஞ்சம்மாள். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை. கேழ்வரகுக் கூழும் மோரும்தான். அருக்காணி மற்ற மூன்று வீட்டுக்கும் தனக்குக் காய்ச்சல் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். ஆத்தா இறங்கிய வீட்டிலிருந்து அடுத்த வீட்டுப் படியேறக் கூடாது. ஆனால் குழந்தைக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று விசிறியைக் கீழே வைத்தாள். இதே தலையில்தானே அந்தத் தொப்பி இருந்தது! ஐயா வந்ததும் வராததுமாக அதை எடுத்து மாட்டுவாரே. எழுபது வயசு ஆளுக்கு அம்மை போட்டால் பிழைப்பாரா?

திங்கட்கிழமை விடிந்ததும் ஒரு கொத்து வேப்பிலையும் மஞ்சளும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாள். தண்ணீர் படக்கூடாது என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆத்தாளுக்கு மேலா அவர் சொன்னது? பாயானாலும் போர்வையானாலும் அம்மை பட்டதற்கு மூன்று தண்ணீர் என்பதுதான் அவள் அறிந்த சட்டம். ஊரில் என்றால் அண்டாவை வெயிலில் வைத்தாலே தண்ணீர் சுட்டுவிடும். டெல்லி வெயிலுக்கு அந்தச் சூடு ஏது? கேஸ் அடுப்பில் ஏற்றினாள்.

முதல் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வைத்துக் கொஞ்ச நேரத்தில் அடுப்பு நீலமாகத் துடித்து அணைந்தது. சிலிண்டர் காலி. மாற்று சிலிண்டர் இருந்தது, ஆனால் அதை மாட்ட அவளுக்குப் பயம். வெதுவெதுப்பாக இருந்த தண்ணீரையே மூன்றாவதாக ஊற்றினாள். நியூஸ் பேப்பர் கூழாகி வெளியே வந்தது. ஊறிய தொப்பியில் நனைந்த ஆட்டின் வாடை அடித்தது. துண்டைப் பிழிவதுபோல முறுக்கிப் பிழிந்து, பால்கனிக் கம்பியில் கிளிப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தாள். கம்பியில் தொங்கியது கைக்குழந்தைக்குப் போடும் குல்லா அளவுக்கு இருந்தது. தேங்காய்ச் சிரட்டைபோல விறைத்திருந்தது. விளிம்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, நிறம் மஞ்சளும் பச்சையுமாக என்னவோ ஆகியிருந்தது. தன் தலையில் வைத்துப் பார்த்தாள். கொண்டை மேல் நின்றது. ஐயோ என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அந்தக் காலி வீட்டில் அவளுக்கே திரும்பக் கேட்டது.

அன்று சாயங்காலம் அவள் முந்தானைக்குள் மறைத்து எடுத்துவந்ததை ஜுக்கி வாசலில் தட்சிணாமூர்த்தி கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்னாடி பண்ணி வெச்சிருக்கிற? இது இன்னா கறிச்சட்டியா, ஊத்திக் கழுவறதுக்கு?"

"ஆத்தா பட்ட பொருளுய்யா. அப்பிடியே மாட்டி வெச்சிட்டு வரச் சொல்றியா? அந்தாளுக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

"இப்ப ஒனக்கு ஆவப் போவுதே."

குஞ்சம்மாள் வாசலுக்கு வெளியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். போன குளிர்காலத்தில் அவள் வேலை செய்த வீட்டில் மோதிரம் காணவில்லை என்று போலீஸ் தாணாவுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிறகு மோதிரம் அந்த அம்மாளின் ஸ்வெட்டர் பையிலேயே கிடைத்தது. குஞ்சம்மாளின் வலது கட்டைவிரல் இன்றைக்கும் மடங்குவதில்லை.

"நான் சொல்றதக் கேளு" என்றாள் குஞ்சம்மாள். "நாலாவுல தூக்கிப் போடு. எலி இழுத்துக்கினு போச்சின்னு சொல்லு."

"எலி அம்மாம் பெரிய தொப்பிய இழுக்குமாக்கா?"

"அப்ப கொரங்குன்னு சொல்லு. டெல்லில கொரங்கு இல்லியா? தொப்பி காணலன்னா திட்டுவாங்க. கெட்டுப்போன தொப்பியக் காட்டுனா, வேற என்னென்ன கெடுத்தன்னு பீரோவத் தொறப்பாங்க. அதுல ஒண்ணு கொறஞ்சா நீதான். தாணாவுல மொதல்ல கேக்கறது என்னா தெரியுமா? சாவி யார்கிட்ட இருந்திச்சின்னுதான் கேப்பான்."

அருக்காணி இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள். அது ஒரு பெருமையாக இருந்தது போன வாரம்வரை. உள்ளே முத்துமாரி அரிக்குது அரிக்குது என்று அழ, வேப்பிலையால் தடவிக் கொடுத்தாள். வாசலையே பார்த்துக்கொண்டு தடவியதில் வேப்பிலை குழந்தையின் கண்ணில் பட்டுவிட்டது.

தட்சிணாமூர்த்தி, "பேண்டுக்காரனுக்குத் தொப்பி செய்யறவன் ஒருத்தன் இருக்கான்" என்றான். "ஜும்மா மசூதிப் பக்கம். மழையில நனைஞ்ச தொப்பியெல்லாம் அவன்கிட்டதான் போவும். காட்டிப் பார்ப்பம்."

புதன்கிழமை மத்தியானம் குழந்தையைக் குஞ்சம்மாளிடம் விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். தொப்பி பிளாஸ்டிக் பையில், அருக்காணியின் மடியில். கண்டக்டர் விசிலடித்தால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சந்துக்குள் சந்தாகப் போனால் ஷம்சுதீனின் கடை. கடை என்பது ஒரு ஆள் காலை நீட்டக்கூடிய அளவு. சுற்றிலும் சரிகை வைத்த சிவப்பு பேண்டுத் தொப்பிகள், குஞ்சம் வைத்தவை, மயிலிறகு செருகியவை. ஒரு பலகையில் மரத்தில் செய்த தலைகள் சின்னதும் பெரியதுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தன. கண் மூக்கு இல்லாத அந்தத் தலைகளைப் பார்க்கவே அருக்காணிக்குக் கலவரமாக இருந்தது. ஷம்சுதீனின் முகத்தில் பழைய அம்மைத் தழும்புகள் குழி குழியாக இருந்தன. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. இவருக்கு ஏற்கெனவே போட்டுவிட்டது, இவர் தொட்டால் ஒன்றுமில்லை.

அவர் தொப்பியை வாங்கினார். முகர்ந்தார். உள்ளே தோல் பட்டையைப் புரட்டிச் சிம்லா கடைப் பெயரைக் கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு அருக்காணியை நிமிர்ந்து பார்த்தார்.

"கிஸ்னே தோயா?" யார் கழுவியது என்று கேட்கிறார்.

"மை... மைனே பையா" என்று தான்தான் கழுவியதை ஒப்புக்கொண்டாள் அருக்காணி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

திட்டுவதற்குப் பொருத்தமான வார்த்தை கிடைக்காததுபோல அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு தட்சிணாமூர்த்தியிடம் இந்தியில் சொன்னார். இது நெய்த துணி இல்லை, முயல் ரோமம். வெந்நீர் விட்டுப் பிசைந்து பிசைந்து ரோமத்தை ஒன்றோடொன்று கவ்வ வைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். நீ மறுபடி வெந்நீர் விட்டாய், அது இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பழைய அளவு வராது. கொஞ்சம் விரியும். யார் தலை, எவ்வளவு பெரியது?

தட்சிணாமூர்த்தி மனைவியைப் பார்த்தான். சேஷன் சாரின் தலை எவ்வளவு பெரியது என்று அவள் யோசித்ததில்லை. ஆனால் நியூஸ் பேப்பரின் கனம் தெரியும். ஒரு விரலைக் காட்டி, தொப்பி இத்தனை பெரிதாக இருந்தது, தலை இவ்வளவு சின்னது என்று கையால் காற்றில் வட்டம் போட்டாள். ஷம்சுதீன் ஒரு மரத்தலையை எடுத்தார். அவள் இரண்டு கையாலும் அதைத் தழுவிப் பார்த்து, இல்லை என்றாள். அடுத்தது. அதுவும் இல்லை. மூன்றாவதைத் தடவி, "இதுதான்" என்றாள் தமிழில்.

கெட்டில் கொதித்தது. ஆவியில் காட்டிக் காட்டி, இழுத்து இழுத்து, ஒரு மணி நேரத்தில் தொப்பியை அந்தத் தலையில் இறக்கினார். அடியில் கயிறு கட்டி, ஈரத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் விளிம்பை அழுத்தினார். கடைசியில் கையைக் கத்திபோல் வைத்து உச்சியில் ஒரே ஒரு பள்ளம். அருக்காணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தாள். தொப்பி திரும்பி வந்துவிட்டது. மஞ்சள் கறைக்கு வெயில்தான் வைத்தியம், இரண்டு நாள் காயப்போடு என்றார். அதற்குக் கூலியாக, அவருடைய மச்சினன் கல்யாணத்தில் தட்சிணாமூர்த்தி சும்மா விளக்குத் தூக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு, பால் வாங்கி வைத்து, கதவைத் திறந்துவிட்டு நின்றாள். சிலிண்டரைப் புருஷன் முந்தின நாளே வந்து மாற்றியிருந்தான். தொப்பி ஆணியில் இருந்தது. வெயில் மஞ்சளைத் தின்றுவிட்டிருந்தது. உற்றுப் பார்த்தால் மட்டும் ஒரு பழுப்பு. சேஷன் சாருக்கு ஒரு கண்ணில் புரை. சாவியைக் கொடுத்துவிட்டு, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று பத்து நாள் லீவு சொல்லிவிட்டு ஓடிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

டாக்ஸி வந்து நின்றது. அவர் மட்டுமில்லை, வத்சலாவும் வந்திருந்தாள். வந்ததும் முகம் கழுவக் குளியலறைக்குள் போய்விட்டாள். சேஷன் சார் நடையில் நின்று தொப்பியை எடுத்தார். அருக்காணி கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"உள்ளே பேப்பர் இருந்துதே, எங்கே?"

"பொடிஞ்சி கொட்டிச்சிங்கய்யா. தூக்கிப் போட்டுட்டன்."

தலையில் வைத்தார். கண்ணாடியில் பார்த்தார். இடமும் வலமும் தலையை ஆட்டினார். "அட! பேப்பர் இல்லாமலே நிக்கறதே. அறுபது வருஷமா நிக்காத தொப்பி! என் தலை பெருத்துடுத்தா?" என்று சிரித்தார். அருக்காணியும் சிரித்தாள். அவ்வளவுதான், முடிந்தது, மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்ற வேண்டும்.

வத்சலா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்போதுதான் அருக்காணி அவள் வயிற்றைப் பார்த்தாள்.

"அஞ்சு முடிஞ்சுடுத்து" என்றார் சேஷன் சார். "கண் படும்னு யாருக்கும் சொல்லலே. மாப்பிள்ளையை ஆபீஸ்லே வெளிநாடு அனுப்பிட்டா. பிரசவம்வரைக்கும் இங்கேதான். வத்சலா, இங்கே வா. பேரன் பொறந்தா இந்தத் தொப்பி அவனுக்குத்தான். அவன் சார்பிலே நீ போட்டுக் காட்டு." அவர் தன் தலையிலிருந்து கழற்றி, விளையாட்டாக மகள் தலைக்குக் கொண்டுபோனார். அவளும் சிரித்துக்கொண்டே குனிந்தாள்.

"வாணாம்! அம்மா, வாணாம்! போட்டுக்காதீங்க!"

கத்தியது யார் என்று அருக்காணிக்கே ஒரு கணம் தெரியவில்லை. பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டிருந்தாள். தொப்பி தரையில் உருண்டது.

"எம் பொண்ணு தலையில வெச்சதுங்க. அவளுக்கு ஆத்தா வந்திருக்கு. எனக்குத் தெரியாதுங்க அப்ப. மறுநாள்தாங்க போட்டுது. நான் கழுவனங்க, மூணு தண்ணி ஊத்திக் கழுவனங்க. சுருங்கிப்போச்சி. எடுத்துக்கினு போயி சரி பண்ணனங்கய்யா. திருடலிங்க. வத்சலாம்மா, நீங்க தொடாதீங்க, வாயும் வயிறுமா இருக்கிறீங்க..."

வத்சலா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். சேஷன் சார் தொப்பியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அந்தக் கையால் எதைத் தொடுவது என்று தெரியாமல் அதை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெளியே போ" என்றார் கடைசியில். "அருக்காணி, நீ மொதல்ல வெளியே போ."

சாவியை மாடிப்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

"வாய மூடிக்கினு இருந்திருக்கலாமில்ல?" என்று குஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "தப்பிச்சிட்டியேடி. கரையேறிட்டு மறுபடி எதுக்குக் குதிச்ச?"

"வயித்துப்புள்ளக்காரிக்கா."

"அவ வயிறு. நாளைக்கி ஒம் வயித்துக்கு எவ வருவா?"

சனிக்கிழமை யாரும் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. மற்ற மூன்று வீட்டிலிருந்தும் ஒரு சேதியும் இல்லை. செய்தி பரவிவிட்டது என்றுதான் அருக்காணி எடுத்துக்கொண்டாள். ரேஷன் கார்டையும் இரண்டு புடவையையும் மூட்டையாகக் கட்டி வைத்தாள். ஃபரிதாபாத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று தட்சிணாமூர்த்தி கேட்டான். குழந்தைக்கு மூணாம் தண்ணி ஊற்றாமல் எங்கே போவது? திங்கட்கிழமை ஊற்றினாள். முத்துமாரியின் பொருக்குகள் உதிர ஆரம்பித்திருந்தன. அது எழுந்து விளையாடியது. பெற்றவள்தான் சோறு இறங்காமல் கிடந்தாள். சந்துக்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கலயத்தைக் கீழே வைத்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குச் சந்தின் செங்கல் பாவிய தரையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கூடவே பிள்ளைகளின் கூச்சல். அருக்காணி முத்துமாரியை இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். பூட்ஸ் வாசலில் வந்து நின்றது. வேப்பிலைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன.

"அருக்காணி வீடு இதானே?"

வெயில் தொப்பி போட்டுக்கொண்டு சேஷன் சார் நின்றிருந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் இந்தச் சந்துக்குள் கால் வைத்ததில்லை. பிள்ளைகள் தொப்பித் தாத்தா என்று கத்திக்கொண்டு பின்னால் வந்திருந்தார்கள். போலீஸ் இருக்கிறதா என்று அருக்காணி அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். யாருமில்லை.

"உள்ளே வரலாமோன்னோ? எனக்கு ஆறு வயசுலேயே அம்மை போட்டுடுத்து" என்றார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, குனிந்து உள்ளே வந்தார். கட்டிலின் ஓரத்தில் அவரே உட்கார்ந்தார். நாலு நாளில் ஆள் இளைத்திருந்தார். சவரம் செய்யவில்லை.

"டாக்டர் ஒண்ணும் ஆகாதுங்கறார். கழுவி வெயில்ல காஞ்ச தொப்பியிலே அதெல்லாம் நிக்காதாம். ஆனா வத்சலா தூங்கமாட்டேங்கறா. வயித்தைப் பிடிச்சுண்டே உக்காந்திருக்கா. சின்ன வயசுல உனக்கு வந்துதான்னு டாக்டர் கேட்டா, என்னைப் பார்க்கறா. எனக்குத் தெரியலே அருக்காணி. அவ அம்மாவுக்குத்தான் தெரியும். நான் ஆபீஸ் போயிண்டிருந்தேன்."

அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"நீ அதை நன்னாக் கழுவினியோ?"

"கழுவனங்கய்யா."

"மஞ்சள் போட்டியா?"

"ஒரு கைப்புடி போட்டங்க. வேப்பெல ஒரு கொத்து."

"முறுக்கிப் பிழிஞ்சியா?"

அவர் அப்பாவின் தொப்பி. அவள் தயங்கினாள். "நல்லா முறுக்கிப் புழிஞ்சங்கய்யா."

"நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல காரியம் பண்ணினே. எழுந்திரு, ஆத்துக்கு வா. இதை அப்படியே அவகிட்டே சொல்லு. டாக்டர் சொன்னாலும் நம்பலே, நான் சொன்னாலும் நம்பலே. கழுவினவ நீ. நீ சொன்னா நம்புவா."

அருக்காணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூட்டை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. குஞ்சம்மாளிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் பின்னால் நடந்தாள். சந்து முழுக்க வாசலில் நின்று பார்த்தது. அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ள மறந்திருந்தார். வழுக்கைத் தலையில் மார்ச் மாத வெயில் அடித்தது.

நாலாப் பாலத்தருகே சட்டென்று நின்றார். "எத்தனை தண்ணின்னு சொன்னே?"

"மூணு தண்ணிங்கய்யா."

"மூணும் கொதிக்கக் கொதிக்கவா?"

நீலமாகத் துடித்து அணைந்த அடுப்பு அவள் கண்ணுக்குள் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். பத்து நாளாகத் தன் முகத்தில் இருந்தது இப்போது அந்த முகத்தில் இருந்தது.

"ஆமாங்கய்யா" என்றாள். "மூணும் கொதிக்கக் கொதிக்கத்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்தார். ஒட்டியிருந்தால் அம்மை வெளியே தெரிய, வத்சலா தலைக்கு அருகே தொப்பி போன நாளிலிருந்து இருபத்தோரு நாள். நாலு போயிருந்தது. இன்னும் பதினேழு நாள் என்று எண்ணிக்கொண்டே அருக்காணி அவருக்குப் பின்னால் ஓடினாள்.